தோப்பூரில் இல்லாத ஆள்

கிண்ணியாவில் புதிதாக ஓர் ஆளைக் கண்டால் முதலில் கேட்பது, "நீங்க எந்த ஊர், ஆருட மகன்?" என்றுதான். பெண் கேட்டு வந்தவரானாலும் சரி, மீன் விற்க வந்தவரானாலும் சரி, இதற்குப் பதில் சொல்லாமல் கதிரையில் உட்கார முடியாது. இன்ஷிராவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. பட்டிக்காட்டுக் கேள்வி என்பாள். அல்லாஹ்வே, அந்த ஒருவனிடம் மட்டும் அதைக் கேட்டிருக்கக் கூடாதா!

சின்னப் படகுக்காரர்களுக்காக அவள் ஒரு செயலி எழுதியிருந்தாள். காற்று எழும்பப் போகிறதென்றால் கைபேசியில் சிவப்பு விழும். கடல் அமைதியென்றால் பச்சை. அதன் நிரலை யாரும் வாசிக்கலாம், திருத்தி அனுப்பலாம். ஆனால் திருத்தத்தை உள்ளே சேர்க்கும் அனுமதி அவளிடம் மட்டுமே இருந்தது. சேர்த்துவிட்டால் எல்லாப் படகுக்காரர்களின் கைபேசிக்கும் அது தானாகவே போய்விடும். அவளுடைய கணவன் பாயிஸ் கடலுக்குப் போவதும் அந்தப் பச்சையை நம்பித்தான்.

இணையத்தில் இல்ஹாம் என்று ஒருவன் வந்து சேர்ந்தான். தோப்பூர், பள்ளிவாசலுக்குப் பின்னால் வீடு என்றான். அவள் விட்ட பிழைகளைத் தேடித் தேடித் திருத்தி அனுப்பினான். அக்காளைத் தாத்தா என்று கூப்பிடும் நம் வழக்கமும் அவனுக்குத் தெரிந்திருந்தது. "தாத்தா, பிள்ளையோட கஷ்டப்படுறீங்க. அனுமதிய எனக்கும் தாங்களேன். நான் பாத்துக்கிறன்" என்று எழுதுவான்.

கைக்குழந்தை காய்ச்சலில் கிடந்த கிழமை கொடுத்துவிட்டாள். அரைகுறையாகவா கொடுத்தாள்? முழு அனுமதி! ஆருட மகன் என்று கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பெருநாளுக்கு மறுநாள் காலை, செய்த நன்றிக்கு ஒரு தட்டு வட்டிலாப்பமாவது கொடுக்க வேண்டுமே என்று தம்பி நுஸ்கியை மோட்டார் சைக்கிளில் தோப்பூருக்கு அனுப்பினாள். அவன் அங்கிருந்து அழைத்தான்.

"தாத்தா, பள்ளிக்குப் பின்னால வீடே இல்ல. வயல்தான். பள்ளி மோதினார்ட்டயும் கேட்டன், கடைக்காரர்ட்டயும் கேட்டன். அப்பிடி ஓராள் இங்க இல்லயாம்."

"வடிவா விசாரிச்சியா?"

"இதென்ன கொழும்பா? தோப்பூர்ல ஓராள் ஒளிஞ்சிருக்க ஏலுமா?"

இன்ஷிரா மடிக்கணினியைத் திறந்தாள். அன்று விடியவே இல்ஹாம் ஒரு மாற்றம் சேர்த்திருந்தான். ஒரே ஒரு வரி. சிவப்பு எப்போது விழ வேண்டும் என்று சொல்லும் வரி அது. இப்போது எந்தக் காற்றுக்கும் பச்சைதான். பதறிப்போய் அதை நீக்கப் பார்த்தாள். உங்களுக்கு அனுமதி இல்லை என்று திரை சொன்னது. அவள் கட்டிய வீட்டுக்குள் இருந்து அவளையே வெளியே தள்ளிக் கதவைப் பூட்டியிருந்தான் பாவி.

வெளியே தென்னோலைகள் அடித்துக்கொண்டன. பாயிஸ் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டுக் கடலுக்குப் போனவன். அவனை அழைத்தாள்.

"இஞ்சருங்க, ஃபோன்ல புதுசா என்னமோ வந்திருக்கு. நீங்க அனுப்பினதா?" என்றான் பாயிஸ். "இங்கால கொஞ்சம் இருட்டிக்கொண்டுதான் வருது. ஆனாப் பச்சைதானே காட்டுது. இன்னும் தூரமாப் போறம்."

"போகாதீங்க! பச்சையப் பாக்காதீங்க, திரும்புங்க!"

"என்ன? கேக்குதில்ல, காத்து இரையுது..."

தொடர்பு அறுந்தது. மறுபடி மறுபடி அழைத்தாள். போகவில்லை. தொட்டிலில் குழந்தை வீறிட்டது. மடிக்கணினியில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

"பயப்படாதீங்க தாத்தா. நான் பாத்துக்கிறன்."