முன்மொழிய ஆளில்லாத தீர்மானம்

என் அண்ணா செத்த அடுத்த மாதமே எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொதுக்கூட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கு என்பது சங்கத்தின் விதி. அதைக் குடும்பத் தலைவர்தான் போடலாம்; தீர்மானம் முன்மொழிவதும் அவர்தான். வயது வந்த எல்லோருக்கும் வாக்கு வேண்டுமென்று அண்ணா ஒரு தீர்மானம் கொடுத்திருந்தார். தோற்றாலும் பரவாயில்லை, அது வாக்கெடுப்புக்காவது போக வேண்டும் என்றுதான் போனேன். அவருடைய சாம்பலோடு அதையும் விட மனமில்லை.

நான் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள். மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிறேன். அண்ணா பார்சல் வான் ஓட்டிக்கொண்டே பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தார். வேலை முடிய என்னை ஏற்றிக்கொண்டு நியூ லின்னில் எங்கள் வீட்டுக்கு வருவார். கடைசி நாட்களில் வழி முழுக்க வர்ஜீனியாக் கதைதான்.

நானூறு வருடங்களுக்கு முன் வெள்ளைக்காரர் அமெரிக்காவில் முதன்முதல் கூட்டிய சட்டசபை அது. ஒரு கம்பெனியின் குடியேற்றம். ஊருக்கு இரண்டு பேராகத் தெரிவுசெய்து அனுப்ப, ஒரு மரத் தேவாலயத்துக்குள் கூடினார்களாம். முதல் வேலையாக, வந்தவர்களில் இரண்டு பேரை இருக்கவிடாமல் அனுப்பிவிட்டார்கள். சரியான வெயில். நடுவில் ஒருவர் செத்தும் போனார். மற்றவர்கள் கூட்டத்தைச் சுருக்கி முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அண்ணாவுக்குப் பிடித்தது அங்கே தார் காய்ச்ச வந்திருந்த போலந்துக்காரரின் கதை. வாக்கு இல்லை என்றதும் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். வாக்குக் கிடைத்தது.

"நாங்கள் என்னத்தை நிப்பாட்டுறது?" என்று கேட்டேன்.

"நீங்கள் பொம்பிளையள் எல்லாரும் சங்க விழாவுக்கு வடை சுடுறதை நிப்பாட்டுங்கோ. ஒரு கிழமையில குடுப்பினம்."

அன்றைக்குச் சிரித்தேன். மிச்சக் கதையையும் அவர்தான் சொன்னார். பிறகு அந்தச் சபை தனி அவையாக வளர்ந்தது. ஆளுநரையே எதிர்த்துக் கதைத்தது. அதே சபைதான் காணியும் வீடும் இல்லாதவனிடமிருந்து வாக்கைப் பறித்தது, அடிமைகளுக்குச் சட்டம் எழுதியது. பெண்களுக்கு அங்கே எப்போதுமே இடமில்லை. இப்போது எனக்கு இந்தப் பகுதிதான் ஞாபகம் வருகிறது.

பிறகு ஒரு மழை நாள், மோட்டர்வேயில் அண்ணாவின் வான் சறுக்கியது. அவ்வளவுதான். அவர் இல்லாமல் எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

கூட்டத்தில் அண்ணாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினார்கள். உட்கார்ந்த கையோடு செயலாளர் வாசித்தார்: "முன்மொழிந்தவர் இல்லாதபடியால் அடுத்த தீர்மானம் கைவிடப்படுகிறது."

நான் எழுந்து, நான் முன்மொழிகிறேன் என்றேன்.

சங்கத் தலைவர் அண்ணாவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர். மெதுவாகத்தான் சொன்னார். "பிள்ளை, உங்கட வீட்டு வாக்கு அண்ணாவின்ர பேரில இருந்தது. இனி அது அம்மாவுக்குத்தான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அம்மா கட்டிலை விட்டு எழும்புவதில்லை. அது அவருக்குத் தெரியும். அவருடைய மனைவிதான் எங்களுக்குச் சோறு கொண்டுவருகிறார்.

"அம்மா வரமாட்டா, அங்கிள். நான் வந்திருக்கிறன்."

"விதி அப்பிடி, பிள்ளை."

எனக்குப் பின்னால் இருந்த மதுரைக்காரர், "ஆமா, ரூல்ஸை மாத்தணும்னாலும் ரூல்ஸ்படிதானே மாத்தணும்" என்றார்.

வேறு யாராவது முன்மொழியுங்கள் என்று கேட்டேன். செத்தவீட்டில் என் கையைப் பிடித்து, அவன்ர ஆசையை நாங்கள் நிறைவேற்றுவம் என்று சொன்னவர்கள் நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள். ஒருவர் தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

அடுத்தது, மண்டபத்தில் உட்காரப் புதுக் கதிரைகள் வாங்குவது. ஆதரவானவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். ஏனென்று தெரியவில்லை, நானும் தூக்கினேன். செயலாளர் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தார். என் கையைத் தாண்டி அடுத்த கையை எண்ணினார். விதிப்படி சரிதான். கதிரைகள் வாங்குவதென்று முடிவானது.