காய் இறங்கட்டும் என்று விட்ட பலா

"இத்தனை காய் காய்ச்ச மரத்துக்கு அடியில ஒரு நல்ல வேர்கூட இல்லையே, எப்படிடா?"

எங்கள் தீவுக் கிராமமான சௌல்தாரியில், விழுந்த பலாமரம் விட்டுப்போன குழிக்குள் நின்றுகொண்டு ராஜமாணிக்கம் பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்டபோது எனக்கு விடை தெரியாது. இப்போது தெரியும். தெரிந்தும் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

ராஜமாணிக்கம் சிவகங்கைப் பக்கத்துக்காரர். இளவயதில் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து, ஹேடோ துறைமுகத்தில் மெயின்லேண்டிலிருந்து வரும் சிமெண்டு மூட்டைகளை இறக்கினார். முதுகு இனி முடியாது என்று சொன்ன பிறகு சௌல்தாரியில் கொஞ்சம் நிலம் வாங்கி, மனைவி அன்னம்மாளோடு குடிவந்தார். குடிவந்த அன்று இருவரும் தின்ற பலாப்பழத்தின் கொட்டையைச் சமையற்கட்டுக்குப் பின்னால் ஊன்றியவர் அவர்தான். தண்ணீர் ஊற்றி வளர்த்தது அன்னம்மாள்.

சுனாமி வந்த அன்று அவர் வயல் கடலுக்குப் போனது. பூமி ஆடியதில் அந்தப் பக்கத்துத் தரை தாழ்ந்துவிட்டது. உள்ளே வந்த உப்புத் தண்ணீர் திரும்பிப் போகவில்லை. நெல் நின்ற இடத்தில் அலையாத்திச் செடிகள் முளைத்தன. பாக்கு செத்தது. தென்னைகள் தலையில்லாமல் கம்பங்களாக நின்றன. பலா மட்டும் சற்று மேட்டில் இருந்ததால் பிழைத்தது. ஆனால் அதற்குப் பிறகு காய்ப்பதை விட்டுவிட்டது.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஓதம் ஏறும்போது தண்ணீர் கொல்லை வரைக்கும் வரும். அதைத் தடுக்க இங்கே எல்லாரும் செய்வதையே அவரும் செய்தார். மலை வெட்டுகிற இடத்திலிருந்து லாரி மண் கொண்டுவந்து கொல்லையை மேடாக்கினார். பலாவின் அடிமரம் முழங்கால் உயரத்துக்கு மண்ணுக்குள் போனது.

"இனி உப்புத் தண்ணி இதைத் தொடாது, அன்னம்," என்று மரத்தைச் சுற்றி மண்ணை மிதித்து இறுக்கினார். மரத்துக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தார்.

சில வருடங்களில் உச்சிக்கிளைகள் மொட்டையாகின. இலைகள் சிறுத்து, பழுத்து, காலமில்லாத காலத்தில் கொட்டின. அவர் அதைக் கவனிக்கவில்லை. அன்னம்மாள் கவனித்தாள். அவள் நாளெல்லாம் இருப்பது அந்த மரத்தடியில்தான். விறகு பிளப்பதும், பாத்திரம் தேய்ப்பதும் அங்கே. தகரம் போட்ட அவளுடைய சமையற்கட்டுக்கு மேலேதான் மரம் சாய்ந்திருந்தது.

"ஏங்க, மரத்தடியில தட்டுத் தட்டா என்னமோ முளைச்சிருக்கு. வந்து பாருங்களேன்."

"காளான்தான? மழைக்கு வரும், போகும்."

"இது போகலைங்க. கட்டையாட்டம் கெட்டியா இருக்கு. இங்க பாருங்க, அரிவாள் முதுகால தட்டுறேன். டொக்கு டொக்குன்னு காலி டப்பா மாதிரி சத்தம்."

"உன் தலையில தட்டினாலும் அப்படித்தான் கேக்கும்."

"கேக்கும் கேக்கும். உங்களுக்கு வாக்கப்பட்டப்பவே உள்ள எல்லாம் காலியாயிருச்சு."

இருவரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு போயிற்று.

அடுத்த மாசியில் அந்த அதிசயம் நடந்தது. கடல் வந்து போனதிலிருந்து ஒரு பிஞ்சுகூட விடாத மரம், அடியிலிருந்து கவைவரைக்கும் காய்த்துத் தள்ளியது. மண்ணைத் தொட்டுக்கொண்டுகூடக் காய்கள் கிடந்தன. ராஜமாணிக்கம் காலையில் எழுந்ததும் மரத்துக்கு முன்னால் போய் நிற்பார். ஒவ்வொரு காயாகத் தடவிப் பார்ப்பார். வழியில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். வயலை வாங்கிக்கொண்ட பூமி, கடைசியில் மனமிரங்கி ஏதோ ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அத்தனை வருடங்களுக்குப் பிறகு அவர் நிமிர்ந்து நடந்த மாதங்கள் அவை.

சித்திரையில் அன்னம்மாள் வேறொன்றைப் பார்த்தாள். மரம் சாய்ந்திருந்ததற்கு எதிர்ப்பக்கத்தில் தரை வெடித்து, மண் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அவள் புருஷனிடம் சொல்லவில்லை. நேராக மரம் வெட்டும் குணாவின் வீட்டுக்குப் போனாள். குணா மெஷின் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, மரத்தைச் சுற்றி நடந்து பார்த்தான்.

"அரே அண்ணே, ஊப்பர் தேக்கோ. மேல பாருங்க, மொட்டை. கீழ பாருங்க, காளான். நீங்க நடுவுல இருக்கிற காயை மட்டும் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க. இது நிக்காது. இன்னைக்கே இறக்கிடுவோம்."

"காயோட நிக்கிற மரத்துல ரம்பம் வைக்கச் சொல்றியா? வயித்துப் பிள்ளைக்காரியை அடிக்கிறதும் அதுவும் ஒண்ணுடா."

"மழை பிடிச்சா விழுந்துரும்ணே."

"காய் இறங்கட்டும். வைகாசி முடிஞ்சதும் நானே உன்னைக் கூப்பிடுறேன். சலோ, கிளம்பு."

குணா அன்னம்மாளைப் பார்த்தான். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் முகத்தில் இருந்த அந்த மலர்ச்சியைப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. "சரி, காய் இறங்கட்டும் தம்பி," என்று அவளே சொல்லிவிட்டாள். "நான் அடுப்பை முன்பக்கம் மாத்திக்கிறேன்."

அடுப்பை மாற்ற அவள் செங்கல் எடுத்து வைத்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முன்பக்கம் ஒழுகியது. அடுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

மழை நாள்கணக்கில் கொட்டி ஒரு முற்பகலில் விட்டது. வெயில் அடித்தது. ஓர் இலைகூட அசையவில்லை. கொல்லையில் பழவாசம். அந்த வருடத்தின் முதல் பலா பழுத்திருந்தது. ராஜமாணிக்கம் அரிவாளோடு அதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ஏங்க, எண்ணெய் தொடாம கையை வைக்காதீங்க. பிசின் அப்பிக்கும். இருங்க, எடுத்துட்டு வர்றேன்," என்று சமையற்கட்டுக்குள்ளிருந்து அன்னம்மாள் குரல் கொடுத்தாள்.

"சீக்கிரம் வா, புள்ள."

காலுக்குக் கீழே ஏதோ அறுபட்ட மாதிரி ஒரு சத்தம். தரை அவரை ஒருபக்கம் தூக்கிவிட்டது. எழுந்து பார்த்தபோது எதிரே மரம் இல்லை. வானம்தான் இருந்தது. தகரம் தரையோடு தரையாக நசுங்கிக் கிடந்தது. அவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

குணாதான் முதலில் ஓடி வந்தான். எந்தக் காய்க்காக அன்று வெட்டாமல் போனானோ, அந்தக் காய்களுக்கு நடுவே ரம்பத்தை ஓட்டி அன்னம்மாளை வெளியே எடுத்தான். அவள் கை முழுக்க எண்ணெய். உயிர் இல்லை.

காரியம் முடிந்த பிறகுதான் ராஜமாணிக்கம் அந்தக் குழியில் இறங்கினார். மண்ணுக்குள் இருந்த அடிமரத்தில் பட்டை ஊறிய காகிதமாகக் கையோடு வந்தது. வேர்கள் கறுத்து, கூழாகி, நாறின. என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான். மேலே நின்ற குணா மெதுவாகச் சொன்னான்:

"மேல மண்ணைப் போட்டு மூச்சை அடைச்சிட்டோம்ணே. கீழ உப்பு. வேர் எப்பவோ போயிருச்சு. சில மரம் சாகுறதுக்கு முன்னாடி, இருக்கிற தெம்பையெல்லாம் காயில கொட்டிட்டுத்தான் சாகும்."

ராஜமாணிக்கம் கையோடு வந்த பட்டையைக் கீழே போட்டார். "அது போயிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கு," என்றார். "நான் திரும்பி வந்துருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

காய்கள் கிடந்த இடத்திலேயே பழுத்தன. தெரு முழுக்க அந்த வாசம். ஒருவரும் தொடவில்லை. கடைசியில் யாருடைய மாடுகளோ வந்து தின்றன. அவர் விரட்டவில்லை.

இப்போது அவர் சௌல்தாரியில் வீடு வீடாகப் போகிறார். கையில் அதே அரிவாள். வாசலில் நின்று மரத்தின் உச்சியைப் பார்க்கிறார், குனிந்து அடியைப் பார்க்கிறார், அரிவாளின் முதுகால் தட்டிக் காதை வைக்கிறார். சிலர் "டாக்டர் சாப் வந்துட்டார்" என்று அவர் காதுபடவே சிரிக்கிறார்கள். போன வாரம் உமா மகேஸ்வரி வீட்டு மாமரத்தடியில் நின்றார். அங்கேயும் அடிமரம் லாரி மண்ணுக்குள் இருக்கிறது. அங்கேயும் உச்சி மொட்டை.

"மண்ணை எடுத்துரும்மா. ஒருவேளை பிழைக்கும். இல்லேன்னா வெட்டிரு. உன் பிள்ளைங்க கட்டில் இந்தச் சுவருக்குப் பின்னாலதான இருக்கு?"

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுண்ணே. ஆனா இந்த வருஷம்தான் இப்படிப் பூத்திருக்கு. பாருங்களேன், இலையே தெரியலை. ஒரு காய்ப்பு பார்த்துட்டு வெட்டிக்கிறேன்."

அது அவருடைய சொல்தான். அதற்கு எந்தப் பதிலும் உதவாது என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அரிவாளைத் தரையில் வைத்துவிட்டு, பூ உதிர்கிற அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். இருட்டும் நேரத்தில் நானும் குணாவும் போய்க் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்து வந்தோம். மாமரம் இன்னும் நிற்கிறது. மழைக்கு அதிக நாள் இல்லை.

அவர் சொல்லி யாரும் கேட்கவில்லை. நான் எழுதி யார் கேட்பார்கள் என்றும் தெரியவில்லை. ஆனாலும் இதைப் படிக்கிற உங்களுக்கு, உச்சி காய்ந்து, அடியில் காளான் பூத்து, ஒருபக்கம் மண்ணைத் தூக்கிக்கொண்டு, அப்படியும் காய்த்துத் தொங்குகிற மரம் நிற்கிற ஒரு வீடு தெரிந்திருக்கும். அந்த வீட்டில் யாரோ ஒருவர் அதன் கீழே சமைத்துக்கொண்டிருப்பார். அவரிடம் அன்னம்மாளின் கதையைச் சொல்லுங்கள். காய் இறங்கும்வரை காத்திருக்காமல் சொல்லுங்கள்.