தொட்டிக்குப் பின்னால்

அறுப்பு வண்டியைப் பின்னால் எடுக்குமுன் கோவிந்தராசு கண்ணாடியைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. திரும்பிக் கொக்குகளையும் பார்க்கிறார். அறுத்த தாளில் பூச்சி பொறுக்க வண்டியோடு கூடவே வருகிற கூட்டம் அது. வண்டிக்கு அஞ்சாது, மனுஷர் கிட்டே போனால் எழும்பிவிடும்.

"கண்ணாடி ரெண்டு பக்கந்தாங்க காட்டும். நெல்லுத் தொட்டிக்கு நேர் பின்னால எதுவுமே தெரியாது. தொட்டிக்கு மேல கொக்கு எழும்புச்சுன்னா, கீழ ஆளு வந்துட்டாங்கன்னு வச்சுக்குவேன்."

வலங்கைமான் பக்கம் தை அறுப்புக்கு வருஷாவருஷம் வருவார். நெற்றி நிறைய விபூதி, காதில் பஞ்சு. முன்பு பதினெட்டு வருஷம் நெல் லாரி ஓட்டியவர். அந்த லாரியில் கிளீனராக இருந்த பஞ்சநதத்தைப் பற்றிக் கேட்டால் முகமே மலர்ந்துவிடும். "பலகையைத் தட்டிக்கிட்டே 'வரலாம் வரலாம்'னு ராகம் போடுவான். கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம். இப்ப மஸ்கட்ல கேமரா பாக்குற வேலையாம். அங்கேயும் பாக்குறதுதான் பொழப்பு அவனுக்கு!" இப்போதும் ரிவர்ஸ் போடும்போது "வரலாம் வரலாம்" என்று தனக்குத்தானே முணுமுணுக்கிறார். பதிலுக்குத் தட்ட ஆளில்லை.

போன வெள்ளிக்கிழமை, உதிர்ந்த கதிர் பொறுக்க ஐந்து பெண்கள் வந்திருந்தார்கள். மூலையில் திரும்ப வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். கொக்குகள் அசையவில்லை. கியரைப் போட்டவர், வரப்பைப் பார்த்துவிட்டு இன்ஜினையே நிறுத்திவிட்டார்.

"யோவ், மேகம் கருக்குது! என்னய்யா நிறுத்துற?" என்று வயல்காரர் கத்தினார்.

"அஞ்சு பேரு வந்தாங்க. நாலு தலைதாங்க தெரியுது."

"அதான் கொக்கு உக்காந்திருக்கே!"

"உக்காந்துதான் இருக்கு. ஆனா தலை குறையுதுங்களே."

இறங்கிப் பின்பக்கம் போனார். சங்கிலிச் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, பிரகதாம்பாள் குந்தியிருந்தாள். காது மந்தம் அவளுக்கு. குந்திய இடத்தை விட்டு அசையாமல் கதிரில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்கையருகே இரண்டு கொக்கு, பயமே இல்லாமல். மாரியம்மன்தான் அவரை இறங்க வைத்தாள் என்பேன்.

"ஏ பிரகதம்! எமனுக்கு வெத்தலைபாக்கு வச்சு அழைக்கிறியாடி?" என்று வரப்பிலிருந்து ஒருத்தி அலறினாள்.

அது இவள் காதில் விழவில்லை. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "என்ன டிரைவரண்ணே, டீக்கு எறங்கிட்டீங்களா?"

மழைக்கு முன்னால் முடியென்று வயல்காரர் கத்திக்கொண்டே இருந்தார். கோவிந்தராசு அவள் எதிரே சேற்றில் குந்தினார். சக்கரத்தடியில் கிடந்த கதிர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவள் மடியில் போட ஆரம்பித்தார்.