சூரியன் கட்டிய கோட்டை

துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். உள்ளங்கையால் வெயிலை மறைத்து நிமிர்ந்தால், சூரியனைச் சுற்றி முழு வட்டமாக ஒரு வளையம், உள்விளிம்பில் லேசான சிவப்போடு.

சிறுவயதில் கீழ்வேளூரில் இதே வளையம். "சூரியன் கோட்டை கட்டிருக்கு, மழை வரும், அள்ளுங்க" என்று அம்மா கத்தினாள். ரோட்டில் காய்ந்த புழுங்கல் நெல்லைத் தெருவே குனிந்து சாக்குகளில் அள்ளியது. காலெல்லாம் நெல்லின் சூடு, மூக்கெல்லாம் அவித்த வாசனை. நிமிர்ந்தபோது வளையம் கலைந்திருந்தது. மழையும் வரவில்லை. "ஒழுங்கா ஒரு தடவ பாக்கக்கூட இல்லையே" என்று அன்று முழுக்கப் புலம்பினாள்.

ஊரிலிருக்கும் அவளை அவசரமாகப் போனில் அழைத்தேன். "அம்மா, கோட்டை கட்டிருக்கு. துணிய எடுத்துட்டு வந்து..."

"துணி நனைஞ்சா நனையட்டும்டி. நான் அப்பலேருந்தே வாசல்ல நிமிர்ந்து பாத்துட்டுதான் நிக்கிறேன்."