அக்காவின் விரலுக்குச் சேராத மாணிக்கம்

ஒரே மோதிரத்தை நான்கு மாதத்துக்குள் மூன்றாவது முறையாகப் பெரிதாக்கக் கொண்டுபோனோம். ஒற்றை மாணிக்கம் வைத்த மோதிரம். அக்காவின் ஜாதகம் பார்த்து, தச்சநல்லூரில் கல் பதிக்கும் ஆசாரி ஒருவர் கையாலேயே செய்தது. கல்லின் அடிப்பக்கம் விரலில் படும்படி பின்புறம் திறந்திருக்கும்.

முதல் முறை இறுகியபோது வெயில் என்றார்கள். இரண்டாம் முறை, கல் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அத்தான் மோதிரத்தைப் பசும்பாலில் ஒரு நாள் ஊறவைத்து, நாள் பார்த்து மறுபடி போட்டுவிட்டார். காலை நேரங்களில் அக்காவின் இமைகள் தடித்திருந்ததை நானும் பார்த்திருக்கிறேன். தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மோதிரத்தைப் பெரிதாக்க முதலில் கல்லைக் கழற்ற வேண்டும். நெருப்பு பட்டால் விரிசல் விழும். பிறகு வளையத்தை அறுத்து, இடையில் தங்கத் துண்டு வைத்து, ஆசாரி ஊதிப் பற்றவைப்பார். அதுவரை கல் ஆசாரியின் பலகையில் இருக்காது. உடையவர் கைக்குள்ளேயே மூடி வைத்திருக்க வேண்டும். கல் மாறிவிட்டது என்ற பேச்சு பின்னால் வரக் கூடாது என்பதற்காக அவர் விடாமல் கடைப்பிடித்த வழக்கம். அக்கா எதிரே உட்கார்ந்து கல்லை வலது கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

மேலப்பாளையத்துக் கல் வியாபாரி ஒருவரும் அங்கே இருந்தார்.

"செவப்புக்கல்லு சூட்ட ஏத்தும்லா அண்ணாச்சி. எங்கிட்ட முத்து இருக்கு, போடச் சொல்லும். குளிர்ச்சியா இருக்கும்."

"ஒம்ம முத்த வாங்கினா ஒமக்குத்தான்வே குளிர்ச்சி," என்றார் ஆசாரி. அக்கா சிரித்தாள்.

வளையம் ஆறியதும், "கல்லக் குடு தாயி," என்றார்.

அக்கா கையை விரித்தாள். கல்லை எடுத்தவர் கல்லைப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் கல்லின் வடிவத்தில் ஒரு குழி. அது மேலெழும்பும் என்று காத்திருந்தோம். எழும்பவில்லை. அவர் தன் கட்டைவிரலால் அவளுடைய புறங்கையை ஒருமுறை அழுத்தி எடுத்தார். அங்கேயும் குழி. பிறகு குனிந்து பாதத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி அரைமணி நேரமாகியும் வார் தடம் ஆழமாக இருந்தது.



ஆசாரி கல்லை அக்காவின் கையிலேயே திரும்ப வைத்தார். "பதிக்க மாட்டேன்."

"வெள்ளிக்கெழம நாங்குநேரில சம்பந்தி வீட்டு விசேசம் அண்ணாச்சி. வெறுங்கையோடயா போவேன்?"

"போ. ஒண்ணும் கொறஞ்சிராது. இது கல்லு செய்யுத வேல இல்ல தாயி. ஒடம்புல நீரு கோத்திருக்கு. நான் மோதிரத்தக் கூட்டிக் கூட்டிக் குடுத்ததே தப்பு." என் பக்கம் திரும்பினார். "நீரும் கூடவே வந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தீரு? நாளைக்கே ரத்தத்தச் சோதிச்சிரும்."

வெறும் வளையத்தைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை அக்காவை ரத்தம் கொடுக்கக் கூட்டிப்போய் வீட்டில் விட்டேன். மதியம் முடிவு வாங்க நான் மட்டும் போனேன். கவுண்டரில் இருந்த பெண் தாளை உறையில் போட்டவள், மறுபடி வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோனாள். பரிசோதனைக்கூடத்தின் பொறுப்பாளர் எழுந்து வந்தார்.

"இவங்க ஒங்களுக்கு என்ன வேணும்?"

"அக்கா."

"காலைல நடந்தா வந்தாங்க?"

"நடந்துதான் வந்தா."

அவர் தாளை இன்னொரு முறை பார்த்தார். "சாயங்காலம்னு வைக்காதிய. இப்பமே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கிட்னி டாக்டர் இருக்காரான்னு கேக்கேன்," என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போனை எடுத்தார்.