அவள் வளர்ந்து முடியும் வரை

மகள் விழுந்த அன்று வீட்டில் அவளும் நானும் மட்டும் இருந்தோம். கடுகண்ணாவையில் எங்கள் வீடு ரோட்டிலிருந்து பன்னிரண்டு படி இறக்கத்தில் இருக்கிறது. மழை ஓய்ந்த பிற்பகல். பாடசாலை விட்டு வந்தவள் கடைசிப் படியில் வழுக்கி, சீமெந்து விளிம்பில் வாய் மோத விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். மேல்வரிசை முன்பல் ஒன்று இருந்த இடத்தில் இரத்தம் மட்டும் இருந்தது. பல், வேரோடு முழுதாகச் சேற்றில் கிடந்தது.

நான் படித்தவள். பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். அந்தப் பல்லைக் குழாயடியில் வைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். வேரில் மெல்லிய சவ்வு போல ஏதோ ஒட்டியிருந்தது. அதையும் சுரண்டி எடுத்தேன். பிறகு உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவினேன். எங்கள் வீட்டில் மீனானாலும் காயமானாலும் முதலில் மஞ்சள்தான். வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, முச்சக்கரவண்டி பிடித்துக் கண்டிக்குப் போனோம். பேராதனையில் வாகன நெரிசல். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பல் டொக்டர் ஒரு இளம் பெண். கைக்குட்டையை விரித்துப் பார்த்தார்.

"யாரு இத இப்படிக் கழுவினது?"

"நான்தான் டொக்டர். நல்லா சுத்தமாத் தேச்சுக் கொண்டாந்திருக்கேன்."

அவர் பாராட்டுவார் என்றே நினைத்தேன்.

"அந்த வேர்ல இருந்த சவ்வுக்கு உயிர் இருந்துச்சும்மா. அதுதான் எலும்பப் பிடிச்சிக்கும். தண்ணியில லேசா அலசி, பாலுக்குள்ள போட்டுக் கொண்டு வந்திருக்கணும்."

என்றாலும் பல்லைத் திருப்பிப் பொருத்திக் கம்பியால் கட்டினார். சில மாதங்களில் ஈறு சீழ் வைத்தது. பல்லை எடுத்துவிட்டார்கள். இனி எலும்பில் திருகாணி பதித்துத்தான் நிரந்தரப் பல் வைக்கலாம், ஆனால் தாடை வளர்ந்து முடிய வேண்டும், அதற்கு நான்கு வருடமாவது ஆகும் என்றார் டொக்டர். அதன் பிறகும் திருகாணியோடு எலும்பு ஒட்ட மாதக்கணக்காகுமாம். அதுவரை கழற்றி மாட்டும் தட்டுப்பல்.

அந்தத் தட்டு ஒருநாள் வகுப்பில் சத்தமாக வாசிக்கும்போது கழன்று மேசையில் விழுந்தது. அதற்குப் பிறகு பிள்ளைகள் அவளைக் கண்டால், "ஏய், வாசல் கேட்டு தொறந்து கெடக்கு, பூட்டிட்டு வா," என்று சொல்லத் தொடங்கினார்கள். வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசினாள். அப்புறம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். அந்தக் கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டதெல்லாம் கரண்டிச் சத்தம் மட்டுமே.

நான்கு வருடத்தை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கண்டியில் வேறொரு டொக்டரை விசாரித்து அவளைக் கூட்டிப்போனேன். வயது கேட்டார்.

"பதினெட்டு முடிஞ்சிருச்சு டொக்டர்," என்றேன்.

அவள் என்னைவிட உயரம். நம்பிவிடுவார் என்று எண்ணினேன். எக்ஸ்ரே எடுக்கலாம் என்று அவர் எழுதத் தொடங்கினார். மகள் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"அம்மா பொய் சொல்றாங்க. எனக்குப் பதினாலு."

என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் பேனையை மூடினார். என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தே பேசினார்.

"வளர்ற எலும்புல திருகாணியப் பூட்டினா அது அதே எடத்துல நின்னுரும் மகள். பக்கத்துப் பல்லுங்க எலும்போட சேந்து கீழ எறங்கும். கொஞ்ச வருசத்துல இந்தப் பல்லு மட்டும் மேல ஏறி நிக்கும். அப்ப எடுக்கவும் கஷ்டம், இன்னொன்னு வைக்கவும் எலும்பு மிஞ்சாது."

"அப்ப நான் வளந்து முடிஞ்சிட்டேன்னு எப்படித் தெரியும்?"

"வருசா வருசம் ஒரு படம் எடுப்போம். ரெண்டு படத்துக்கும் வித்தியாசம் இல்லன்னா ஆரம்பிக்கலாம்."

பஸ்ஸில் அவள் யன்னலோரம் இருந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"நான் பொறுத்துக்குவேன்மா. நீங்கதான் பொறுக்க மாட்டேங்கிறீங்க," என்றாள். மறுபடி கையால் வாயை மூடிக்கொண்டாள்.

அவள் பொறுத்துக்கொள்கிறாள் என்பதை நான் நம்பவில்லை. பாடசாலையில் அவள் இடைவேளைக்கு வெளியே போவதில்லை என்று வகுப்பாசிரியை சொன்னார். ஒரு தாய் தன் பிள்ளை வளர வேண்டும் என்றுதான் கேட்பாள். நானோ போதும், இத்தோடு நிற்கட்டும் என்று தினமும் கேட்கிறேன். அப்படிக் கேட்பது பாவமா என்றும் பயப்படுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாடசாலைக் கவுனைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"கட்டையாப் போச்சு. டீச்சர் ஏசுறாங்க."

உள்மடிப்பைப் பிரித்து அளந்தேன். ஒன்றரை அங்குலம் இறக்க வேண்டியிருந்தது. நூல் முனையை நாவில் நனைத்து இரண்டு தரம் கோர்க்கப் பார்த்தேன், ஊசிக் காதில் ஏறவில்லை. அவள்தான் வாங்கிக் கோர்த்துக் கொடுத்தாள்.