ஃப்ரிட்ஜுக்குப் பட்டுப்புடவை கட்டிய வீடு

வெள்ளிக்கிழமை காலை திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் ஏறும்போது நான் நல்ல மனநிலையில்தான் இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பின்னால் வரும் எரிச்சலுக்கு யாரும் ரயில்வேயைக் குறை சொல்லிவிடக் கூடாது. கோடை விடுமுறை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருப்பவளுக்கு வருஷத்தில் மூச்சு விடக் கிடைக்கும் நேரம் அதுதான். திருவனந்தபுரத்துக்கு நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர். வள்ளியூர் தாண்டி ஆரல்வாய்மொழி வரை காற்றாலைகள், நாகர்கோவிலுக்குப் பிறகு ஜன்னல் முழுக்கப் பச்சை, பாறசாலையில் கைமுறுக்கு.

போனது ஊர் பார்க்க அல்ல. என் தங்கை ஜெயா அங்கே கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் இருக்கிறாள். அவள் மகள் அனுவுக்குக் கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை. அதே ஆபீஸில் வேலை பார்க்கும் ஜோபின் என்ற கோட்டயத்துக் கிறிஸ்தவப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொன்னபோது ஜெயா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சரி என்று சொல்ல ஒரு வருஷம் ஆயிற்று. பம்பாயில் வேலையாக இருக்கும் அவள் கணவர் ஃபோனிலேயே சம்மதம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் முதன்முதலாக வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். திங்கட்கிழமை ஆறு மாதத்துக்கு வெளிநாடு போகிறான். "நீ பக்கத்திலே இருந்தாத்தான் எனக்குக் கை நடுங்காம பரிமாற வரும், அக்கா" என்று ஜெயா கூப்பிட்டாள். போனேன்.

ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். டிரைவருக்கு மார்த்தாண்டம் பக்கம் போலிருக்கிறது, இரண்டு பாஷையும் ஒரே வாயில் வந்தது. தெருவைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"அந்த தியான வீடாணோ, சேச்சி? காலையிலேருந்து மூணு சவாரி அங்கதான் போட்டேன். ஒரு பொண்ணு கேட்டா, அவிடெ கரண்ட் உண்டான்னு."

"கரண்டுக்கு என்ன கேடு? என் தங்கை வீடுய்யா அது."

"அப்போ சரி" என்றார். எது சரி என்று எனக்குப் புரியவில்லை. மீட்டர் முப்பது காட்டியது. முப்பதுதான் வாங்கிக்கொண்டார்.

வாசலில் துணிப் பதாகை: 'உண்மையாய் வாழ மூன்று நாள் சங்கல்ப முகாம்.' கதவைத் திறந்த ஜெயாவைப் பார்த்து நான் திகைத்துவிட்டேன். ஒன்பது கஜம், மடிசார், தலை நிறையப் பூ. சாலைக் கடைத்தெருவில் தமிழர் வைத்திருக்கும் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவள் அவள். சுடிதாரில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவள்.

"என்னடி இது கோலம்? யாருக்குக் கல்யாணம்?"

"மெள்ளப் பேசு, அக்கா. உள்ளே தியானம் நடக்கறது. இதைக் கட்டிவிட அவாளே ஒரு பொண்ணை அனுப்பினா. அவளும் வீடியோ பார்த்துத்தான் கட்டினா. மேலெல்லாம் ஊக்கு."

விஷயம் இதுதான். முன்கூடமும் இரண்டு அறையும் சும்மாக் கிடக்கின்றன, ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது என்று ஜெயா ஒரு கம்பெனிக்கு வீட்டை மூன்று நாளுக்கு விட்டிருக்கிறாள். போன வாரம் நடந்திருக்க வேண்டிய முகாம். அவர்களாகவே இந்த வாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெங்களூர், சென்னை, கழக்கூட்டத்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். வேஷம் களைந்து உண்மையாக வாழ்வது எப்படி என்று கற்றுக்கொள்ள. அதற்கு 'மாறாத அக்ரஹார வாழ்க்கை' வேண்டுமாம். அதனால் ஸ்கூட்டரைப் பக்கத்து வீட்டில் மறைத்தாயிற்று. சாப்பாட்டு மேஜையைப் பின்னறைக்குள் தள்ளியாயிற்று. மிக்ஸி பரண் மேல். நகர்த்த முடியாத ஃப்ரிட்ஜுக்கு ஜெயாவின் கூறைப்புடவையைச் சுற்றி, மேலே ஒரு குத்துவிளக்கை வைத்திருந்தார்கள். புடவைக்குள்ளிருந்து அது உறுமிக்கொண்டிருந்தது. வந்தவர்களில் ஒருத்தி அதைக் கும்பிட்டதாகவும் கேள்வி.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. அப்போதும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஜெயா வாய் திறக்கவில்லை. சாயங்காலம் அனு வந்துதான் சொன்னாள். ரோஹன் என்பவன் முகாமை நடத்துகிறான், முப்பது வயசு, நுனி நாக்கில் தேன் தடவிய குரல். ஞாயிறு வருகிற விருந்தாளி யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பையனைப் பின்வாசல் வழியாக அழைத்துச் சமையலறையில் வைத்துச் சாப்பாடு போட்டுவிடச் சொல்லியிருக்கிறான். நேரே போய்க் கேட்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். கெஸ்ட்ஸ் நிஜமான அக்ரஹாரத்துக்கு வந்திருக்காங்க. நடுவுல இந்த லவ் மேரேஜ் விஷயம் வந்தா அந்த எனர்ஜி கலைஞ்சிடும்."

"அது நிஜமில்லையா?"

"நிஜம்தான். ஆனா அவங்க எதிர்பார்க்கிற நிஜம் இல்ல" என்றான், ரொம்பப் பணிவாக.

கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். ஜெயா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாக்குக் கொடுத்தாயிற்று, பின்னே என்ன செய்ய, ஒரு வேளைதானே, வெறுதே சண்டை வேண்டாம் என்று புலம்பினாள். அனு அழவில்லை, கத்தவில்லை.

"அம்மா, அவன் பின்வாசல் வழியா வந்தா நானும் பின்வாசல் வழியாவே அவனோட போயிடுவேன். கேட்டுக்கோ. அப்புறம் முன்வாசல்லே நின்னு கூப்பிட்டாலும் வர மாட்டேன்."

அவள் அப்படிச் செய்யக்கூடியவள்தான். ஜெயாவுக்கும் அது தெரியும். இருந்தும் ராத்திரி முழுக்க "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லோரையும் வேனில் ஏற்றிக் கல்லாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு இடம் காலியாக இருந்தது, வீட்டில் இருந்தால் நான் சண்டை போடுவேன் என்று ஜெயா என்னையும் ஏற்றிவிட்டாள். நெடுமங்காடு, விதுரா வழியாக நாற்பத்தைந்து கிலோமீட்டர். பொன்முடிக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால், பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடியாக ஓடுகிறது. அழகான இடம், அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. புகார் எல்லாம் பாறைக்கு ஒருவராக உட்கார்ந்து, "நான் யார் மாதிரியும் இல்லை" என்று தண்ணீரிடம் சொல்லச் சொன்னதில்தான். 'உண்மையான பசியை உணர' மத்தியானம் வரை எதுவும் சாப்பிடக் கூடாதாம். எனக்குப் பசி ஏழு மணிக்கே உண்மையாகிவிட்டது. ரோட்டோரக் கடையில் சாயாவும் வாழைப்பழ பஜ்ஜி மாதிரியான பழம்பொரியும் வாங்கினேன், இரண்டும் சேர்த்து இருபத்தைந்து ரூபாய். பின்னாலேயே ஒரு பையன் நழுவி வந்தான். முத்துராஜ், கோவில்பட்டிக்காரன், கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர்.

"எனக்கும் ஒண்ணு சொல்லுங்க, மேடம். ரோஹன்ட்ட சொல்லிராதீங்க."

"காசு கொடுத்துப் பட்டினி கிடக்கவா வந்தே, தம்பி?"

"பாதிக் காசு ஆபீஸ் குடுக்கு. வரலைன்னா, இவனுக்கு ஈடுபாடு இல்லைன்னு சொல்லிருவாங்க. ஆனா ஒண்ணு மேடம், உங்க தங்கச்சி வீட்டுல ஃப்ரிட்ஜ் கூட இல்லாம எப்படி நிம்மதியா இருக்காங்க! அதைப் பார்த்துட்டு நேத்து எனக்குத் தூக்கமே வரலை. நாமதான் பொய்யா வாழுதோமோன்னு."

நல்ல பிள்ளை. ஒரு பொய்யைக் காட்டி அவனையே பொய்யன் என்று நம்பவைத்திருக்கிறார்கள். பட்டுப்புடவைக்குள் இருப்பது என்ன என்று சொல்லிவிட்டேன். அவன் இன்னொரு பழம்பொரி கேட்டான்.

ஞாயிறு. முகாமின் நிறைவு. முன்கூடத்தில் வட்டமாகப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு அகல். ஒவ்வொருவராக விளக்கேற்றித் தன் சங்கல்பத்தைச் சொல்ல வேண்டும். எழுந்ததும் ஃபோனைத் தொட மாட்டேன் என்றார் ஒருவர். பிடிக்காததற்கு முடியாது என்று சொல்வேன் என்றாள் ஒரு பெண். ஜெயா மடிசாரோடு தூண் பக்கத்தில் நின்றாள். அவள் கண் என் மேலும் இல்லை, விளக்கின் மேலும் இல்லை.

பதினொரு மணி வாக்கில் ஜோபின் வந்தான். வாசலில் காவலுக்கு நின்ற கம்பெனிப் பெண் அவனைச் சந்து வழியாகப் பின்பக்கம் அனுப்பிவிட்டாள். அனு பின்கட்டுக்கு ஓடுவதைப் பார்த்து நானும் போனேன். கொல்லைக் கதவுக்கு வெளியே, கொளுத்தும் வெயிலில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றான். தோளில் ஒரு முழுப் பலாப்பழம். கோட்டயத்திலிருந்து அவன் அம்மா கொடுத்தனுப்பியதாம். என்னைப் பார்த்ததும் பழத்தை இறக்கவும் தெரியாமல், கும்பிடவும் முடியாமல் திண்டாடினான். அனு உள்ளே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"பெரியம்மா, அம்மாகிட்டே சொல்லிடுங்கோ. நாங்க போறோம்."

நான் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். கூடத்தில் ரோஹன் எல்லோரையும் கண்ணை மூடி ஆழமாக மூச்சிழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். இழுத்தார்கள். பழுத்த பலாவின் வாசனை அதற்குள் வீடு முழுக்க வந்திருந்தது. ஒருவர் கண்ணைத் திறந்து பார்த்தார். இன்னொருவர் மறுபடியும் பலமாக இழுத்தார். நான் ஜெயாவின் காதில், "அனு பையை எடுத்துட்டா" என்றேன். அதே சமயம் ரோஹன், "இப்ப மாமி. இந்த வீட்டோட ஆத்மா. அவங்க சங்கல்பத்தைக் கேட்போம்" என்றான்.

ஜெயா விளக்கைத் தொடவில்லை.

"என் பொண்ணு கட்டிக்கப் போற பையன் கொல்லையிலே வெயில்லே நிக்கறான். நான்தான் அப்படி நிக்க விட்டேன். அவனை முன்வாசல் வழியாக் கூட்டிண்டு வரப் போறேன். அவ்வளவுதான்."

போய்விட்டாள். அக்ரஹார வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடப்பவை. கொல்லையிலிருந்து முன்வாசலுக்கு வர வேண்டுமானால் சந்து வழியாகத் தெருமுனை வரை போய், தெரு முழுக்க நடந்து வர வேண்டும். நடந்து வந்தாள். மடிசாரில் ஜெயா, பலாப்பழத்தோடு ஜோபின், பையோடு அனு. எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தன. ஒரு வருஷமாக எந்தத் தெருவுக்குப் பயந்து பேசாமல் இருந்தாளோ, அதே தெரு. என் கண் நிறைந்துவிட்டது.

வாசலில் பன்னிரண்டு பேரும் முண்டியடித்து நின்று கைதட்டினார்கள். ஆறேழு ஃபோன்கள் உயர்ந்தன. ரோஹன் ஓடி வந்தான். அவன் கண்ணிலும் தண்ணீர்!

"மாமி, அற்புதம்! இவ்வளவு ஆத்தென்டிக்கா நான் பார்த்ததே இல்ல. வெளிச்சம் முகத்துல சரியா விழலை. தெருமுனைலேருந்து இன்னொரு தடவை வர முடியுமா?"

அந்தப் பையன் ஜோபின் எவ்வளவு மரியாதைக்காரன் என்றால், பழத்தைத் தோளில் சரிசெய்துகொண்டு திரும்பிவிட்டான். நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் ஜெயா அவன் முழங்கையைப் பிடித்துவிட்டாள்.

"வேண்டாம், மோனே. வீட்டுக்கு ஒரு தடவை வந்தாப் போறும். உள்ளே வா."

உள்ளே போனதும் இடுப்பில் செருகியிருந்த ஊக்குகளைக் கழற்றி மாடத்தில் போட்டாள். ஃப்ரிட்ஜிலிருந்து கூறைப்புடவையை உருவி மடித்தாள். பிறகு பின்னறையில் கிடந்த சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கத்தை முத்துராஜ் வந்து பிடித்தான். "கொஞ்சம் விளக்கை நகர்த்திக்கோங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருவரும் அதைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து போட்டார்கள். வாசலிலிருந்து திரும்பிய வட்டம் அகலைக் கையில் ஏந்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கியது. ஜோபின் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டான். பரிமாறும்போது ஜெயாவுக்குக் கை நடுங்கவில்லை, நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

திங்கட்கிழமை காலை ஸ்கூட்டரில் என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டாள், சுடிதாரில். பிளாட்ஃபாரத்தில் ஃபோனைக் காட்டினாள். ரோஹனின் செய்தி. அடுத்த மாத முகாமிலும் அந்த 'முன்வாசல் வருகை'யை வைத்துக்கொள்ளலாமா? மாப்பிள்ளை ஊரில் இல்லாவிட்டால் பரவாயில்லை, வேறு ஒரு பையனை அவர்களே ஏற்பாடு செய்வார்களாம்.

"என்னடி பதில் போட்டே?"

"பலாப்பழ சீசன் முடிஞ்சுடும்னு போட்டேன்" என்றாள் ஜெயா.

நானாக இருந்தால் இங்கே அச்சிட முடியாத ஒன்றைப் போட்டிருப்பேன். ரயில் நெய்யாற்றின்கரை தாண்டும் வரை மனதுக்குள் அதையே விதவிதமாக எழுதிக்கொண்டு வந்தேன். பாளையங்கோட்டையில் எங்கள் அக்கம்பக்கத்தார், திருவனந்தபுரம் போய் என்ன பார்த்தாய் என்று கேட்பார்கள். கோயிலுக்குப் போகவில்லை, கடலைப் பார்க்கவில்லை. ஒரு பையன் முன்வாசல் வழியாக ஒரு வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தேன். அதற்குக் கைதட்டி, திரும்பப் போய் மறுபடி வா என்றவர்களையும் பார்த்தேன்.